எதிர்த்திசை வண்டி

ரயில் கதவு மூடிக்கொண்டிருந்தபோது முதலில் உள்ளே போனது அவனுடைய பை. அடுத்தது வலது கால். மிச்ச ஆளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டது யாரோ ஒரு புண்ணியவானின் கை.

"உசிரு வேணாமா சார்? அடுத்த வண்டி அரை மணியில வருமே?" என்றார் கைக்குச் சொந்தக்காரர்.

"அரை மணி லேட்டானா வீடு கையை விட்டுப் போயிடும்."

"யாரு வீடு?"

"இன்னும் யாரு வீடும் இல்ல. அதான் ஓடறேன்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கை வரை வெள்ளை, காதோரத்தில் வெள்ளை, செருப்பு நுனியில் வெள்ளை. சுவரிலிருந்து உரித்தெடுத்த ஆள் மாதிரி நின்றான். அவர் இரண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பயப்பட ஒன்றுமில்லை, அது பிளாஸ்டர். அவன் பல் செட் செய்பவன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்பினால், அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, அரைத்துத் தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவான். ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில் இறங்கி எட்டு நிமிஷம் நடந்தால் அவன் வீடு. பின்பக்க அறைதான் பட்டறை. அலமாரி முழுக்க முன்பின் தெரியாதவர்களின் தாடைகள்.

பத்து மணிக்கு வீட்டு புரோக்கர் போன் செய்தபோது அவன் கையில் ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியரின் கீழ்த்தாடை இருந்தது.

"பல்லு சார்! சிட்டி வீடு இருக்குல்ல, மூணாவது மாடி? இன்னொரு பார்ட்டி வந்து நிக்குது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா உங்களுக்கு. அஞ்சு தாண்டி ஒரு நிமிஷம்னாலும் என்னைத் திட்டாதீங்க."

"போட்டுடறேன். வேற ஏதாவது வேணுமா?"

"ஓனரம்மா இழுக்கறாங்க. நீங்க வீட்லயே உக்காந்து பல்லு செய்றவர்னு சொன்னேன், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. சம்சாரம் லேப்ல ரத்தம் எடுக்கிறவங்கன்னேன், கொஞ்சம் தெளிஞ்சாங்க. சம்சாரத்தோட ஆபீஸ்லேருந்து சீல் வெச்ச லெட்டர் ஒண்ணு கேக்கறாங்க."

"வாங்கிட்டு வரேன்."

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புருஷன் பல்லு, பொண்டாட்டி ரத்தம். ஓனரம்மா முன்னாடி ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிடாதீங்க. பேய்க் குடும்பம்னு பயந்துக்கப் போறாங்க."

வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போனை வைத்தார் புரோக்கர். அவன் தலைமை ஆசிரியரைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஸ்கூல் விட்டதும் மகளைத் தோழி வீட்டில் இறக்கிவிடும்படி வேன்காரரிடம் போனில் சொன்னான். நகரம் போய்ச் சேர ஒரு மணி நாற்பது நிமிஷம். இதே தூரத்தைத்தான் அவன் மனைவி பதினோரு வருஷமாகத் தினமும் போய்வருகிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடம் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. காலை ஆறு பத்து வண்டி. சாயந்தரம் ஏழு இருபதுக்கு வீடு. வந்ததும் மகளின் நோட்டைப் பார்ப்பாள், சாப்பிடுவாள், ஒன்பதடிக்கும்போது தலையணையில் முகம் புதைத்திருப்பாள். பக்கத்தில் படுத்து அவன் அன்றைக்கு நடந்த ஏதாவதொன்றைச் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்துக்கு மூச்சுதான் பதிலாக வரும்.

பகல் முழுவதும் அவன் ஒண்டி. எட்டரைக்கு மகளை ஸ்கூல் வேன் அள்ளிக்கொண்டு போய்விடும், நாலரைக்குத்தான் திரும்பும். நடுவில் தெருவில் ஒரு ஈ காக்காய் கிடையாது. கூரியர்காரர் வந்தால் கையெழுத்துப் போடும் சாக்கில் அவரைப் பத்து நிமிஷம் பிடித்து வைப்பான். மழை வருமா, உங்க பையன் எப்படிப் படிக்கிறான், வண்டிக்கு என்ன ஆச்சு, சத்தம் மாறியிருக்கே. ஒரு மாதம் பொறுத்த கூரியர்காரர், பிறகு கையெழுத்தே வேண்டாமென்று பார்சலை வாசலில் வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

முன்னெல்லாம் மனைவிதான் பாடாய்ப் படுத்துவாள். "சிட்டிக்குள்ள ஒரு புறாக்கூண்டு கிடைச்சாக்கூடப் போதும்ங்க. அஞ்சரைக்கெல்லாம் வீட்ல இருப்பேன். உங்க மூஞ்சி மறந்துபோயிடும் போலிருக்கு எனக்கு." அவன்தான் பிடிகொடுக்காமல் இருந்தான். புறாக்கூண்டில் பட்டறை வைக்க முடியாது. பிளாஸ்டர் தூசிக்கும் அரைக்கிற மோட்டார் சத்தத்துக்கும் எந்த மாடிக்காரன் இடம் கொடுப்பான்?

ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் அந்தப் பேச்சை அடியோடு நிறுத்தினாள். இவனாகவே ஒருநாள் எடுத்தபோது, "வேணாம்ங்க. இப்படியே இருக்கட்டும். உங்களுக்கு அந்த ரூம் வேணும்," என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் திரும்பல் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. தனக்காக அவள் ஆசையை விழுங்கிவிட்டாள் என்று புரிந்துகொண்டான். போன மாதம் ஸ்கூலில் குடும்பத்தை வரையச் சொன்னதற்கு மகள் ஒரு வீடு, ஒரு அப்பா, கூடவே தன்னையும் வரைந்து கொண்டுவந்தாள்.

"அம்மா எங்க கண்ணு?"

"ட்ரெயின்ல," என்றாள் குழந்தை, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. தாளின் ஓரத்தில் நகத்தளவுக்கு ஒரு ரயில் இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். மனைவிக்குத் தெரியாமல் புரோக்கரைப் பிடித்தான், வீட்டைப் பார்த்தான். ஒன்றரை அறை. சமையலறையில் நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாய்கள். ஆனால் லேபுக்கு நடந்தே ஏழு நிமிஷம். நகரத்தில் பெரிய பல் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்வதாகவும் சொல்லி வைத்துவிட்டான். நீல கோட்டு, பதினாலாம் நம்பர் மேசை. பட்டறை போனால் போகட்டும். ஐந்தரைக்கு மனைவி வீட்டில் இருப்பாள்.

அதற்கு முன்னால் இன்றைய ஐந்து மணிக் கெடு இருந்தது.

ஸ்டேஷன் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்த பிறகு மேனேஜர் அம்மா உள்ளே கூப்பிட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மனைவியின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தாள்.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? உக்காருங்க சார். குழந்தைங்களுக்குக்கூட வலிக்காம ஊசி போடுவாங்க. அவங்க போனதுலேருந்து இங்க ஒரே அழுகைச் சத்தம்."

"எங்க போனதுலேருந்து?"

"நம்ம புது கிளைக்குத்தான். உங்க பக்கம், கடைசி ஸ்டேஷனுக்கு மூணு ஸ்டேஷன் முன்னாடி. காலைல ஆறரைக்குத் திறப்பாங்க, வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வர்றவங்களுக்காக. மூணு மணியோட இவங்களுக்கு டூட்டி முடிஞ்சுடும்." அவன் முகத்தைப் பார்த்து அவள் பேச்சின் வேகம் குறைந்தது. "ஏழு மாசமாச்சே சார். நீங்க வெளியூர்ல இருக்கீங்களா?"

"ஆமா," என்றான். வாயில் வந்தது அதுதான்.

"அவங்களே எழுதிக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க." கம்ப்யூட்டரில் தட்டி, திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். மனைவியின் விண்ணப்பம். இடமாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி: குடும்பத்துடன் அதிக நேரம் செலவிட.

கேட்டு வாங்கிய சீல் வைத்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான்.

ஒன்று இருபது வண்டியில் திரும்பினான். புரோக்கர் இரண்டு தடவை அழைத்தார், எடுக்கவில்லை. தலைக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு வேலை முடிகிறது. அங்கிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷ ரயில். ஏழு இருபதுக்கு வீட்டுக்கு வருகிறாள். நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல். அந்த இடைவெளியில் தாராளமாக ஒரு முழு மனுஷன் அடங்குவான்.

அந்த மனுஷனுக்கு முகம் வைத்துப் பார்த்தான். டாக்டரா? மருந்துக் கம்பெனி ஆசாமியா? எந்த முகத்தை வைத்தாலும் அது நன்றாகப் பேசுகிற முகமாக, வாய்விட்டுச் சிரிக்கிற முகமாக அமைந்தது. பற்கள்கூட வரிசையாக இருந்தன. தொழில் புத்தி.

புது கிளை இருந்த ஸ்டேஷனில் இறங்கியபோது மணி இரண்டு நாற்பத்தெட்டு. தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். வெயில் தண்டவாளத்தில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பிளாட்பாரம். இந்தப் பக்கம் வீட்டுக்குப் போகிற வண்டி. எதிர்ப் பக்கம் நகரத்துக்கு.

மூன்று ஐந்துக்கு மனைவி வந்தாள்.

தனியாக வந்தாள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். அந்த நடையை அவன் பகல் வெளிச்சத்தில் பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. 'இந்தப் பக்கம் வா,' என்று மனசுக்குள் கெஞ்சினான். 'வீட்டு வண்டிக்கு வா. எல்லாத்துக்கும் ஏதாவது சின்னக் காரணம் இருக்கும். சிரிச்சுக்கலாம்.'

அவள் படியேறினாள். மேம்பாலத்தைக் கடந்து எதிர்ப் பிளாட்பாரத்தில் இறங்கினாள்.

மூன்று பத்துக்கு நகரத்து வண்டி உள்ளே வந்தது. அவன் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கடைசி நொடியில் அடுத்த பெட்டிக்குள் விழுந்தான். ஒரே நாளில் இரண்டாவது தடவை. இந்த முறை இழுத்துப் போட யாருமில்லை.

மதிய வண்டி காலியாகக் கிடந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அவள் தெரிந்தாள். ஜன்னலோரம். எதிர் சீட்டில் யாருமில்லை. புத்தகம் எடுக்கவில்லை, போனைப் பார்க்கவில்லை, கண்ணை மூடவுமில்லை. ஓடுகிற கம்பங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளைப் பார்க்கப் போகிற பெண் ஒரு தடவையாவது தலையைச் சரிசெய்துகொள்ள மாட்டாளா? அவள் செய்யவில்லை.

ஐந்து ஸ்டேஷன் போனது. யாரும் வந்து அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

மூன்றரைக்குப் பையிலிருந்து போனை எடுத்தாள். அவன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான். இதோ, கூப்பிடப்போகிறாள் அந்த ஆளை.

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"என்னங்க," என்றாள் காதுக்குள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசைந்தது. "இப்பத்தான் டீ குடிக்க வெளிய வந்தேன். என்ன பண்றீங்க?"

"பட்டறைல இருக்கேன். அந்த ஹெட்மாஸ்டர் பல்லு."

"தனியாவா?"

"வேற யாரோட?"

"சும்மாதான் கேட்டேன்."

தினமும் இதைக் கேட்பாள். தனியாவா, யாராவது வந்தாங்களா. என் மேல் எவ்வளவு அக்கறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"கூட்டமா இன்னிக்கு?" என்றான்.

"பயங்கரக் கூட்டம். தலை நிமிர முடியல. ஏழு இருபதுக்கு வந்துடுவேன்."

இருபதடி தூரத்தில், ஆளரவமில்லாத பெட்டியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். ஒரே ரயிலில் இரண்டு பேர், இரண்டு பொய். சரி என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது.

'அடுத்த நிறுத்தத்தில் கதவுகள் இடப்பக்கம் திறக்கும்.'

அவள் பெட்டியிலும் அதே குரல். அவள் காதில் வைத்திருந்த போனிலிருந்தும் அதே குரல், ஒரு இமைப்பொழுது பின்தங்கி.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். மெதுவாகத் திரும்பினாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த முகத்தைக் கண்டுபிடித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் எதிர் சீட்டில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முதலில் எடுத்தது அவள்.

"எப்போலேருந்து என் பின்னாடி வர்றீங்க?"

"மூணு பத்துலேருந்து. நீ எப்போலேருந்து இந்த வண்டில போறே?"

"ஏழு மாசமா."

"எங்க இறங்குவே?"

"இறங்க மாட்டேன். கடைசி வரைக்கும் போவேன், உள்ளயே உக்காந்திருப்பேன். வண்டி திரும்பும்போது கூடவே திரும்பிடுவேன். கூட்டம் ஏறும். அப்போ நானும் வேலை முடிஞ்சு வர்ற ஆள் மாதிரி ஆயிடுவேன்."

"யாரையும் பாக்கறதில்ல?"

"யாரைப் பாக்கணும்?" என்றாள். கோபமே இல்லாத குரல். அதுதான் அவனை என்னவோ செய்தது.

"அப்புறம் எதுக்குடி? வீட்டுக்கு வரதுக்குப் பன்னெண்டு நிமிஷம். நான் அங்க பேச்சுத் துணைக்கு ஆளில்லாம செத்துக்கிட்டிருக்கேன். நீ இங்க ரயிலுக்குக் காவல் காக்கறியா?"

"ஆளில்லாமலா?"

அந்த ஒரு சொல்லை அவள் மெதுவாகச் சொன்னாள். பாட்டில் மூடியைத் திருகினாள், மூடினாள், மறுபடி திருகினாள்.

"மாத்தல் கிடைச்ச முத நாள் வீட்டுக்குத்தான் வந்தேன். உங்ககிட்ட சொல்லவே இல்ல. மூணே முக்காலுக்குப் போய் நின்னா ஆடிப்போயிடுவீங்கன்னு சந்தோஷம். பின்பக்கமா வந்து பட்டறை ஜன்னலைத் தட்டலாம்னு கையைத் தூக்கினேன். உள்ள நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க."

அவன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போன்ல இல்ல. போன் முன் ரூம் ஜன்னலோரம் சார்ஜ்ல இருந்துது, வரும்போதே பாத்தேன். ரூமுக்குள்ள யாரையோ வெச்சுப் பேசினீங்க. 'என்ன தங்கம், காலைலேருந்து உம்முன்னே இருக்கே'ன்னீங்க. அந்தக் கூரியர்காரர் கதையைச் சொல்லிச் சிரிச்சீங்க. அப்படி நீங்க சிரிச்சு நான் கேட்டே வருஷக்கணக்காச்சு. கடைசியா, 'நீ மட்டும் இங்க இல்லேன்னா எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும்'னீங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "என்னை நீங்க ஒருநாளும் தங்கம்னு கூப்பிட்டதில்ல."

"எட்டிப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்துட்டா அது நிஜமாயிடும்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அந்தப் பயத்துலதான் வந்த வழியே திரும்பிட்டேன். அடுத்த நாளும் முடியல. அந்த நேரம் அவளோட நேரம்னு ஆகிப்போச்சு. ஏழு இருபதுக்கு அப்புறம் நீங்க எனக்குத்தான், அது போதும்னு இருந்துட்டேன்."

அவன் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதைப் பார்த்தாள். பதில் கிடைத்துவிட்ட மாதிரி மெல்லத் தலையசைத்தாள்.

போன் அலறியது. "பல்லு சார்! எங்க இருக்கீங்க? அந்தப் பார்ட்டி பேனாவை மூடாம கையில புடிச்சுக்கிட்டு நிக்குது!"

"அவங்களுக்கே குடுத்துடுங்க."

"என்ன சார், புது வீடு..."

"வேணாம். என் சம்சாரத்துக்கு வேலை எங்க ஊர்ப் பக்கமே இருக்கு. எனக்குத்தான் தெரியாம போச்சு." போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

"எந்த வீடு?" என்றாள் அவள்.

"சிட்டில. உனக்காகப் பாத்தேன். லேபுக்கு ஏழு நிமிஷம். பட்டறையை மூடிட்டு வரதா இருந்தேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். "மூடிட்டா? அப்போ அவ?"

"சொன்னா சிரிப்பே."

"ஏழு மாசமா நான் சிரிக்கல. சொல்லுங்க. பக்கத்துத் தெருவா? யாரு அவ?"

ரயில் ஒரு பாலத்தில் ஏறியது. இரைச்சல் அடங்கும்வரை அவன் காத்திருந்தான். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது. சொல்லக் கூச்சமாக இருந்தது, சட்டையைக் கழற்றி நடுத்தெருவில் நிற்கிற மாதிரி.

"மூணு வருஷம் முன்னாடி உன் கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட நானே அச்செடுத்தேன், ஞாபகம் இருக்கா? வேலை முடிஞ்சதும் அந்தத் தாடையை உடைச்சுப் போட்டிருக்கணும். மனசு வரல. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, பிளாஸ்டர்ல. என் மேசையில எனக்கு நேரா வெச்சிருக்கேன். நீ காலைல ஆறு பத்துக்குக் கிளம்பினா, ராத்திரி நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தூங்கிடறே. உன்கிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் பகல்ல அதுகிட்ட சொல்லிடுவேன்."

அவள் கையிலிருந்த பாட்டில் மூடி நழுவி, சீட்டுக்கு அடியில் உருண்டு போனது.

"அன்னிக்கு நீ ஜன்னலுக்கு வெளிய நின்னப்போ," என்றான், "உள்ள நான் பேசிக்கிட்டிருந்தது உன் பல்லுகிட்டதான்."